வாசக்காரன் அட்டையின் பின்பக்கம்

அது சீட்டுக்கட்டு இல்லீங்க. பாத்துப் பொறுக்குங்க, யாராச்சும் மிதிச்சிருவாங்க. நாலே நாலு அட்டைதான். ஏனுங்க, பின்பக்கம் படிக்காதீங்க. அந்த அட்டைய எடுத்து வெளையாடறவன் மட்டுந்தான் பின்பக்கத்தப் படிக்கோணும். அதான் ரூல். ரூல் போட்டது நான்தான்.

கேக்கறதுன்னா கேட்டுருங்க. பஸ்ஸு சூலூர் தாண்டுனதுலருந்து என்ற கையையே பாத்துட்டு வர்றீங்க. தாராபுரம் போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. மாமனார் வீட்டுக்குப் போறேன், பொண்டாட்டி முன்னாடியே போயிட்டா. ரெண்டு விரல் போச்சுங்க. நடு விரலு, மோதிர விரலு. துண்டா வெட்டுப்பட்டிருந்தாத் தெச்சுப் பாத்திருக்கலாமாம். நசுங்கிப்போனதை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.

பண்ணுனவன் மூர்த்தி. திருமூர்த்தின்னு பேரு. உடம்பொறந்த தம்பி எனக்கு இல்ல, இவன்தான் தம்பின்னு வெச்சிருந்தேன். இந்த அட்டை இருக்கே, இந்த வெளையாட்டு, இதை அவனுக்காகத்தான் உண்டாக்குனேன். வேற யாருக்காகவும் இல்ல. அவன் கையாலயே எனக்கு இப்படி ஆச்சுன்னா, வயிறு எரியுமா எரியாதா சொல்லுங்க.

நாங்க பம்பு மோட்டாருக்கு வேண்டிய தகடு, வாஷர் எல்லாம் பிரஸ்ஸுல அடிக்கற ஷாப்புங்க. நான் செட்டர். செட்டர்னா டைய, அதான் தகடை வெட்டற அச்சை, மாட்டி, அளவு வெச்சு, நாலு பீஸ் அடிச்சுப் பாத்துட்டு, ஆபரேட்டரைக் கூப்பிட்டு உக்கார வெக்கறவன். மூர்த்தி ஆபரேட்டர். நாலு வருசத்துக்கு முன்னாடி அவன் இடது கை பிரஸ்ஸுல போயிருச்சு. நாப்பது டன் பிரஸ்ஸு. மூணு விரல். கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். நான் பக்கத்து மிசின்ல இருந்தேன், ஓடியாறதுக்குள்ள டை மேல ஏறிருச்சு. அதோட ஒரு விரல் ஒட்டிக்கிட்டு மேல போச்சுங்க. மத்த ரெண்டும் கீழ விழுந்து கெடக்குது. அவன் கத்தவே இல்ல. தகட்டுல ரத்தம் பட்டிருச்சுன்னு துணி எடுத்துத் தொடைக்கப் பாத்தான். அந்த மாதிரிப் பையனுங்க அவன்.

அது எப்படி ஆச்சுன்னு கேப்பீங்க. அந்த பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன். ரெண்டையும் ரெண்டு கையால சேந்தாப்புல அமுக்குனாத்தான் இறங்கும். அப்படி இருந்தா கை உள்ள போகவே வழியில்ல. ஆனா அப்படி அடிச்சா நாளைக்கு எத்தனை பீஸ் வரும்? அதனால ஒரு பட்டனை அமுக்குன வாக்குல எதையாச்சும் செருகி வெச்சிருவாங்க. அப்பறம் ஒரு கை பட்டன்ல, ஒரு கை தகடு நகத்த. எல்லா ஷாப்புலயும் நடக்கறதுதான், நீங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க. தீக்குச்சி, ரப்பர், கையில எது கெடைக்குதோ அது. அன்னிக்கு டிபன்ல புளிசோறு, கொட்டையோட இருந்துச்சு, டக்குனு கைக்கு அதுதான்... சரி, அதை விடுங்க. மூர்த்தியே பட்டன்ல எதையோ செருகிட்டு அஜாக்கிரதையா கைய விட்டுட்டான்னு ரிப்போர்ட் ஆச்சு. நான்தான் எழுதுனேன். ஓனருக்கு நெம்ப எழுத வராது. மூர்த்திகிட்டக் கேக்கலாம்னா அவன் ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடந்தான். அந்த நேரத்துல போய் அவனைத் தொந்தரவு பண்ண எனக்கு மனசு வரல.

அப்பறம் அவனைப் பேக்கிங் டேபிள்ல போட்டாங்க. வாஷர் எண்ணி கவர்ல போடற சோலி. வாயே தொறக்க மாட்டான். எண்ணிட்டே இருப்பான், பாதியில நிறுத்திக் கையப் பாப்பான், மறுபடி மொதல்லருந்து எண்ணுவான். கூட வேலை செய்யற கோகிலா எங்கிட்ட வந்து, பூபதிண்ணா, இவன் இப்படியே போனா நமக்குக் கெடைக்க மாட்டான்னு சொன்னா. எனக்குத் தூக்கமே போச்சுங்க. இவனுக்கு என்னமோ பண்ணோணும், ஆனா கை வேண்டாத ஒண்ணா இருக்கோணும்னு யோசிச்சேன்.

அப்பத்தான் செல்லுல வெள்ளக்காரங்க ஒரு வெளையாட்டு வெளையாடறதைப் பாத்தேன். டேபிளைச் சுத்தி உக்காந்துக்கறாங்க. ஒருத்தன் கதை ஓட்டறான். மத்தவங்க ஆளுக்கு ஒரு வேசம். நான் வாளை உருவறேங்கறான் ஒருத்தன், நான் குகைக்குள்ள போறேங்கறான் இன்னொருத்தன். நடக்குமா நடக்காதான்னு தாயக்கட்டை மாதிரி ஒண்ணை உருட்டிப் பாக்கறாங்க. எல்லாமே வாயால. கைக்கு வேலையே இல்ல! அட, இதுதாண்டான்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

ஆனா அவங்க வேசமெல்லாம் நமக்கு ஆகாதுங்க. காது நீண்டவன், குள்ளன்னு என்னென்னமோ. நான் சொந்தமா வேசங்களை வகை பிரிச்சேன். ஆறு மாசம் ஆச்சு. டை வடிக்கற மாதிரிதானுங்க அதுவும். ஒரு வகைக்குப் பலத்தை ஏத்துனா வெளையாட்டு அவனோடயே முடிஞ்சிரும். குறையை ஏத்துனா எவனும் எடுக்க மாட்டான். ஒவ்வொரு வகைக்கும் ஒரு அட்டை, முன்பக்கத்துல ஒரு பலம், ஒரு குறை, பின்பக்கத்துல ஒரு ரகசியம். எங்க ஷாப்பு ஆளுங்களையே பாத்துப் பாத்துச் செஞ்சேன். மொதல்ல வெட்டுவான். அது லேத்துல இருக்கற லாரன்ஸ். மொத வெட்டு எப்பவும் அவனோடது, ஆனா ரத்தத்தைப் பாத்துட்டா நிறுத்தத் தெரியாது, கூட இருக்கறவனையும் போட்டுத்தள்ளிருவான். அப்பறம் வைத்தியச்சி, நம்ம கோகிலா. எந்தக் காயத்தையும் மூடிருவா, மூடற காயத்துல பாதி அவ உடம்புல தொறக்கும். மூணாவது ஒத்தன், ஒத்தையாத் திரியறவன். எங்க வேணா நுழைவான், ஆனா செத்தா அழ ஆள் கெடையாது.

ஒண்ணோட ஒண்ணை மோதவிட்டுப் பாக்கோணும்ல? தனியா உக்காந்து இடது கைக்கும் வலது கைக்கும் சண்டை விட்டேன். நோட்டுப் பூரா பொணம். வெட்டுவான் ஒத்தனை எழுபது தடவ வெட்டுனான், ஒத்தன் முப்பது தடவ அவன் கழுத்துல கத்திய எறக்குனான். பொண்டாட்டி நோட்டைப் பாத்துட்டு, குடல் சரிஞ்சது, கண்ணு போச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு என்ன கெரகம்னு கேட்டா. சரிசமமா இருக்கோணும்டி, ஒருத்தருக்கும் அநியாயம் நடக்கக்கூடாதுன்னு சொன்னேன்.

மாசத்துக்கு ஒரு நாள் கரண்டு ஷட்டவுன் விடுவாங்கல்ல, காலையில ஒம்பதுலருந்து சாயங்காலம் வரைக்கும், அன்னிக்குத்தான் வெளையாட்டு. மிசின் தொடைச்சு எண்ணெ போட்டுட்டு, பேக்கிங் டேபிள்ல உக்காருவோம். நான், மூர்த்தி, லாரன்ஸ், கோகிலா. லாரன்ஸ் பித்தளையில பன்னெண்டு பட்டை புடிச்சு ஒரு கட்டை செஞ்சு குடுத்தான், நம்பர் பஞ்ச் அடிச்சது. மூர்த்தி மொத நாள் கம்முனு உக்காந்திருந்தான். ரெண்டாவது மாசம் அவனோட ஒத்தன் எதிரி கூடாரத்துக்குள்ள போனான். என்ன பண்றே மூர்த்தின்னு கேட்டேன். தூங்கறவனை எழுப்பி, மூஞ்சியப் பாத்துட்டு அறுப்பேன்னான். ஏன்டா எழுப்பறேன்னு லாரன்ஸ் கேட்டதுக்கு, யாரு அறுக்கறாங்கன்னு அவனுக்குத் தெரியோணும்னு சொன்னான். கோகிலா சிரிச்சுட்டா. அவனும் சிரிச்சான். நாலு வருசத்துல மொத தடவ. அவங்கம்மா வீட்டுக்கு வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. நீ நல்லா இருப்பே சாமின்னு சொன்னாங்க.

அத்தோட நிறுத்தியிருக்கோணும். ஆனா எனக்கு நாலாவது வகை ஒண்ணு மனசுல நின்னுக்கிட்டே இருந்துச்சு. அதான் வாசக்காரன், வாசலைக் காக்கறவன். கோட்டைக்கு ஒரு கல்லுக் கதவு, மேலருந்து கீழ இறங்கறது. ரெண்டு பக்கமும் ரெண்டு இரும்பு வளையம். ரெண்டையும் ரெண்டு கையால சேந்தாப்புல இழுத்தாத்தான் கதவு விழும். வாசக்காரனை மீறி ஒருத்தன் உள்ள போக முடியாது, அது பலம். அவன் வாசலை விட்டு நகர முடியாது, அது குறை. ரகசியம் என்ன வெக்கறதுன்னு ஒரு வாரம் யோசிச்சேன். அப்பறம் தானா வந்துச்சு. ஒரு வளையத்துல புளியங்கொட்டையைச் செருகிட்டா, ஒத்தக் கையிலயே கதவை இறக்கலாம். எழுதி முடிச்சதும் எனக்கே புல்லரிச்சுப் போச்சு. எங்கிருந்துடா பூபதி உனக்கு இப்படியெல்லாம் தோணுதுன்னு நானே என்னைக் கேட்டுக்கிட்டேன்.

போன கார்த்திகை ஷட்டவுன் அன்னிக்கு அட்டையக் கொண்டு போனேன். லாரன்ஸுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். மூர்த்தி, அண்ணா அது எனக்குன்னு கை நீட்டுனான். ஆசைப்பட்டுக் கேக்கறான், எப்படி இல்லேங்கறது? குடுத்தேன். முன்பக்கம் படிச்சான். திருப்பிப் பின்பக்கம் படிச்சான். நெம்ப நேரம் படிச்சான். ஒரே ஒரு வரிதானுங்க இருக்கு.

இதை எங்கிருந்து புடிச்சீங்கன்னு கேட்டான். சும்மா மனசுல வந்துச்சுன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டு, வெளையாடலாம்ணான்னான். சாதாரணமாத்தான் சொன்னான். நான் கதைய ஆரம்பிச்சேன். கரடிமலைப் படை கோட்டைக்கு வருது, முந்நூறு பேரு. மூர்த்தி கதவை இறக்குனான். மொத வரிசை நசுங்குச்சு. மறுபடி தூக்கி மறுபடி இறக்குனான். ஒத்தக் கையிலன்னு சொல்லிச் சொல்லி இறக்குறான். ஒருத்தன் கை கதவுக்கு அடியில மாட்டிக்கிச்சு, எத்தனை விரல் போச்சுன்னு சொல்லுங்கண்ணாங்கறான். கட்டை உருட்டுன்னேன், உருட்டுனா மூணு. எந்த மூணுன்னு கேக்கறான்.

அப்பறம் நம்ம ஆளுங்களையே கூப்பிட ஆரம்பிச்சான். வைத்தியச்சி காயம் கட்ட உள்ள வந்தா, கதவை அவ முதுகுல இறக்குனான். கோகிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்ருச்சு. டேய், நான் உன்ற ஆளுடான்னா. வெட்டுவான் வாளோட வந்தான், அவனையும் வாசல்ல வெச்சு நசுக்குனான். கடைசியில ராசா வந்தான். ராசா வேசம் கதை ஓட்டற எனக்குத்தான். ராசாவோட தலைய வாசப்படியில வெச்சு, மூணு தடவ இறக்குனேன்னு சொன்னான். ஒரு தடவைக்கே செத்திருவான்டான்னேன். பரவால்லீங்கண்ணா, மூணு தடவன்னான். வேர்த்து ஒழுகுது. நான் என்னடான்னா, பய எப்படி வெளையாடறான் பாருன்னு சந்தோசமா உக்காந்திருக்கேன்.

அட்டைய டேபிள் மேல வெச்சுட்டு எந்திரிச்சான். என்ற வலது மணிக்கட்டைப் புடிச்சான், அந்த ரெண்டு விரல் கையால. குறடு புடிச்ச மாதிரிங்க. அந்த ரெண்டு விரல்ல அத்தனை பலம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஓரத்துல ஃபிளை பிரஸ் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கரண்டு வேண்டாம். மேல கை மாதிரி ஒரு கம்பி, அதுல இரும்புக் குண்டு, வீசி இழுத்தா பஞ்ச், அதான் குத்தற இரும்பு, இறங்கும். அங்க இழுத்துட்டுப் போயி என்ற விரலை அந்த இரும்புக்குக் கீழ வெச்சு, தன்ற முழங்கையை என்ற கை மேல ஊனிக்கிட்டான். வலது கை குண்டுமேல.

கோகிலா அவன் சட்டையப் புடிச்சு இழுத்தா. லாரன்ஸ் எந்திரிக்கவே இல்ல. அதை நான் மறக்க மாட்டேன்.

மூர்த்தி மெதுவாத்தான் பேசுனான். "அன்னிக்கு என்ற விரல் கீழ கெடந்துச்சுல்ல. அது பக்கத்துல ஒரு புளியங்கொட்டை கெடந்துச்சு. நான் பாத்தேன். இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

நான் கைய இழுத்துப் பாத்தேன், வரல.

"நாலு வருசமா எல்லாரும் நீதான் வெச்சே, நீதான் வெச்சேன்னு சொல்லி, நானே வெச்சுட்டு மறந்துட்டனோன்னு ஆயிருச்சு. அம்மா கூட அதைத்தான் நம்புது. நீங்க வெச்சீங்கன்னா வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன். கைய எடுத்துர்றேன்."

நெசமாத்தான் சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான். ஆனா பாருங்க, ஒருத்தன் கையப் புடிச்சு வெச்சுக்கிட்டுக் கேட்டா அது கேக்கற மொறையா? மெரட்டி வாங்கற வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கு? கட்டைய உருட்டறேன் மூர்த்தின்னேன். எட்டோ அதுக்கு மேலயோ விழுந்தா சொல்றேன்னேன்.

அவன் என்ற மூஞ்சியவே பாத்தான். சரின்னுட்டான். கோகிலாதான் கட்டைய எடுத்தாந்து என்ற இடது கையில குடுத்தா. பக்கத்துல டூல் வெக்கற மேசை மேல உருட்டுனேன். ஒம்பது.

எல்லாரும் பாத்தாங்க. மூர்த்தி குண்டை விட்டுட்டுக் காத்துட்டிருந்தான். கண்ணுல தண்ணி நிக்குது. லாரன்ஸ் இப்பத்தான் எந்திரிச்சு நின்னான். சொல்லுங்கண்ணான்னு கோகிலா சொன்னா.

கட்டை அந்த ஸ்பேனர்ல முட்டுச்சுங்க. ஓரமா ஒரு ஸ்பேனர் கெடந்துச்சு, அதுல லேசா முட்டித்தான் நின்னுச்சு. எதுலயாச்சும் முட்டுனா மறுபடி உருட்டோணும், அது மொத நாள்லருந்தே இருக்கற ரூல். நான் அதைத்தான் சொன்னேன். முட்டிருச்சு மூர்த்தி, மறுபடி போடறேன்னு கட்டைய எடுக்கக் கை நீட்டுனேன்.

அவன் குண்டை வீசிட்டான்.

சத்தம் வந்துச்சுங்க. காஞ்ச மொளகாய ஒடைக்கற மாதிரி ஒரு சத்தம். மொதல்ல வலியே இல்ல. இரும்புக்கு ரெண்டு பக்கமும் ரத்தம் பீச்சி அடிச்சு அவன் மூஞ்சியெல்லாம் செவப்பு. இரும்பை மேல ஏத்துனப்பத்தான் வலி வந்துச்சு. நான் கத்துன கத்துல பக்கத்து ஷாப்புக்காரங்க ஓடியாந்துட்டாங்க. எலும்பு வெள்ளையா வெளிய தெரியுது. விரல் தகடா இருக்கு, நகம் மட்டும் முழுசா இருக்கு.

அப்பறம் அவனே சட்டையக் கழட்டிச் சுத்துனான். லாரன்ஸ் வண்டி ஓட்ட, என்னை நடுவுல வெச்சு, பின்னாடி உக்காந்து என்ற கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே வந்தான். கீழ விடாதீங்கண்ணா, விட்டா ரத்தம் நிக்காதுன்னான். ஆஸ்பத்திரி வர வரைக்கும் புடிச்சிருந்தான். அவன் அழுதது என்ற முதுகுல தெரிஞ்சுது.

டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நான் யோசிக்கவே இல்லீங்க. மிசின்ல நானே அஜாக்கிரதையா கைய விட்டுட்டேன்னு சொன்னேன். பாருங்க, அந்த வலியிலயும் அவனைக் காப்பாத்தறேன். அந்த மடையன் என்ன பண்ணுனான் தெரியுமா? ஒருத்தரும் அவனைக் கேக்கல. டாக்டர் அவன் பக்கம் திரும்பக்கூட இல்ல. அவனா முன்னாடி வந்து, "நான்தாங்க பண்ணுனேன். வேணும்னே பண்ணுனேன்"னு சொல்லிட்டான். தண்ணி குடிக்கற மாதிரிச் சொல்லிட்டான். டாக்டர் போலீசுக்குச் சொல்லாம என்ன பண்ணுவாரு?

மறுநாள் காலையில ஸ்டேஷன் ரைட்டர் வார்டுக்கே வந்து எழுதுனாரு. வராந்தா பெஞ்சுல மூர்த்தி, பக்கத்துல ஒரு போலீஸ்காரர். அவங்கம்மாவும் இருந்தாங்க, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு. கதவு தொறந்துதான் இருந்துச்சு, பேசறது அவங்களுக்குக் கேக்கும். ஏம்ப்பா, எதுக்கு இப்படிப் பண்ணுனான், முன்விரோதம் எதாச்சும் உண்டான்னு ரைட்டர் கேட்டாரு. மூர்த்தி தலைய நிமுத்தி என்னையே பாத்தான். அவங்கம்மாவும் பாத்தாங்க.

ஒண்ணும் இல்லீங்க, வெளையாட்டுல வந்த சண்டைன்னேன்.

ரைட்டர் எழுதுனதைப் படிச்சுக் காட்டுனாரு. சரியா இருக்கா, வேற எதாச்சும் சேக்கோணுமான்னு கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு. வேண்டாங்க, சரியா இருக்குன்னு சொன்னேன். அவங்கம்மா மூர்த்தியோட முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சாங்க. உனக்கு எல்லாம் செஞ்ச மனுசனை வெளையாட்டுக்குப் போயி இப்படிப் பண்ணிட்டயேடா பாவின்னு அடிச்சாங்க. அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. போலீஸ்காரர்தான் புடிச்சு நிறுத்துனாரு. அவன் தடுக்கவே இல்ல. அம்மா, நான் வெக்கலம்மா, நான் வெக்கலன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தான்.

என்ன சொல்றான்னு ரைட்டர் எங்கிட்டக் கேட்டாரு. அவனுக்கு அப்பப்ப இப்படி ஆகுங்க, கைபோனதுலருந்தேன்னு சொன்னேன்.

நல்ல பையன்தானுங்க. கோவந்தான் கொஞ்சம் எச்சு.